குதிரைகள் ஓடிய நேரத்தில் எடுத்த குறிப்பு

எங்காவது ஒரு கூட்டணியில் இருப்பதா, விலகுவதா என்று வாக்கெடுப்பு நடந்தால், முடிவு வந்த அன்றோடு கதை முடிந்துவிட்டது போலத் தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். வாக்கு எண்ணி முடிந்த பிறகுதான் சண்டை தொடங்கும் என்பதைக் கையில் பென்சிலோடு பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நான் வேலை செய்த தொழிற்சங்கத்தில் இனிக் கூட்டக் குறிப்பை இயந்திரமே எழுதப் போகிறதாம். அதனால் உங்கள் காலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அங்கிருந்து கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா நான்?

சுருக்கெழுத்தும் தட்டச்சும் கொழும்பில் படித்தேன். நிமிடத்துக்கு நூற்றிருபது சொல். பிறகு வடக்கில் ஒரு நகரசபையில் ஆறு வருடம் குறிப்பெடுத்தேன். அங்கே எங்கள் பெரிய கிளாக்கருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. உறுப்பினர் ஒருவர் கதிரையை விட்டு எழும்பினால் மணியைப் பார்த்து எழுதவேண்டும், திரும்பி வந்து இருந்தாலும் எழுதவேண்டும். வாக்கெடுப்பு நேரத்தில் வெற்றிலை துப்ப வெளியே போனவர், அடுத்த நாள் ஊரில் வந்து நான் எதிர்த்துத்தான் கை உயர்த்தினேன் என்று சத்தியம் பண்ணுவார் என்பது அவருடைய அனுபவம். அந்தப் பழக்கம் எனக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. பிறகு கலியாணம், ஒரு பிள்ளை, எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னி.

என் கணவர் சிவலிங்கம் இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளர். இங்கே அவருடைய பட்டத்தை ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது சரிவரும்வரை அவர் மறுபடியும் பாடப் புத்தகம் படித்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தார். சிட்னிப் புறநகரான லிட்கமில் ரயில் பாதையோரம் இரண்டு அறை வீடு. அதற்குள் வந்த சம்பளம் என்னுடையது ஒன்றுதான்.

எனக்கு வேலை தந்தவர் குளிர்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் தேசியச் செயலாளர் லென் மடொக்ஸ். இறைச்சி, மீன், வெண்ணெய் எல்லாவற்றையும் உறைய வைத்துக் காக்கும் பெரிய கிடங்குகளில் வேலை செய்கிறவர்களின் சங்கம் அது. மடொக்ஸ் இருபது வருடம் அந்தக் குளிருக்குள் பெட்டி தூக்கியவர். ஜனவரி வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றமாட்டார். நேர்முகத்தில் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துக் கடகடவென்று வாசித்தார், நான் எழுதினேன். திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்துவிட்டு, நீங்கள் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள், அந்த வசனம் பொருந்தவில்லை என்றேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திங்கட்கிழமை வா என்றார்.

தன்னை லென் என்று கூப்பிடச் சொன்னார். மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு எழும்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் 'மிஸ்டர் லென்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். அலுவலகம் முழுவதும் சிரித்தது, நான் விடவில்லை.

அவர் வேலை செய்யும் விதம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எந்தக் கடிதத்தையும் இருந்து வாசிக்கமாட்டார். யன்னல் பக்கம் நின்று, வரிக்குக் கீழே மட்டக்கோலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். கூட்டத்தில் மற்றவர்கள் குரலை ஏற்ற ஏற்ற இவர் குரலை இறக்குவார். கடைசியில் இவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே அவர்கள் வாயை மூடவேண்டி வரும். ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். உலகமே வந்து இழுத்தாலும் நகரமாட்டார்.

நான் முதன்முதலாகத் தட்டச்சு செய்துகொடுத்த கூட்டக் குறிப்பில் யார் எத்தனை மணிக்குக் கழிப்பறைக்குப் போனார் என்பதுவரை இருந்தது. நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். வாசித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. மிஸ்டர் லென் மட்டும் சிரிக்கவில்லை. தட்டச்சுப் பிரதியில் கழிப்பறையை எடுத்துவிடு, உன் குறிப்புப் புத்தகத்தில் எப்போதும் போல எழுது என்றார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒன்பது பேரில் மக்பிரைட், மக்கே, மக்நீல் என்று மூன்று 'மக்' இருந்தார்கள். சுருக்கெழுத்தில் அவசரமாகக் கீறினால் மூன்றும் ஒன்று போல இருக்கும். ஆகவே எல்லோருக்கும் தமிழில் ஒவ்வொரு பட்டப்பெயர் வைத்து, அவர்கள் வருவதையும் போவதையும் பக்க ஓரத்தில் தமிழிலேயே எழுதினேன். மக்பிரைட் தாடி. மக்கே நெட்டை. எந்த நேரமும் கச்சான் கொறிக்கும் மக்நீல் கடலை. மெல்பேர்னில் இருந்து வரும் தலைவர் டொயில் பூசணி. அவருக்கு வலது கையாக இருந்த பிரைஸ் நரி. சிட்னியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம், இதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற துணிவுதான்.

எங்கள் சங்கம் அப்போது உணவுத் தொழில் சங்கங்களின் கூட்டணி ஒன்றில் சேர்ந்திருந்தது. இறைச்சி வெட்டுகிறவர்கள், பாண் போடுகிறவர்கள், பால்காரர் எல்லோரும் அதில் இருந்தார்கள். பெரிய சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றால் நாங்களும் வெளியே நிற்கவேண்டும். யாருடைய சண்டைக்கோ நாங்கள் ஏன் பட்டினி கிடக்கவேண்டும் என்பது டொயிலின் கட்சி. தனியே போனால் முதலாளிமார் எங்களைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள் என்பது மிஸ்டர் லென்னின் கட்சி. இரண்டிலும் நியாயம் இருந்தது. நாடு முழுவதும் உறுப்பினர்களுக்கு வாக்குச் சீட்டு தபாலில் போனது. மயிரிழையில் விலகுவது என்று முடிவானது. மெல்பேர்ன் பெரும்பாலும் விலகச் சொன்னது, சிட்னி பெரும்பாலும் இருக்கச் சொன்னது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பார்க்கவேண்டும். மிஸ்டர் லென்னோடு பிளாக்டவுன் கிடங்குக்கு ஒரு கூட்டத்துக்குப் போனேன். சாப்பாட்டு அறையில் இரண்டு கேத்தல்கள் இருந்தன. இரண்டிலும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்று விலகச் சொன்னவர்களுடையது, மற்றது இருக்கச் சொன்னவர்களுடையது. விஷயம் தெரியாமல் ஒன்றில் இருந்து தேநீருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன், அறையில் பாதிப்பேர் என்னை முறைத்தார்கள். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி ஏற்றினார்கள். ஒருவர் பாரத்தைப் பிடிக்காமல் விட்டால் மற்றவருக்குக் கால் போகும் வேலை அது. எனக்குப் பயமாக இருந்தது.

மிஸ்டர் லென் அந்தக் கூட்டத்தில் சொன்னதை நான் எழுதியிருக்கிறேன். உறுப்பினர்கள் போ என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே போவோம். ஆனால் கூட்டணியோடு சேர்ந்து நடத்திய நோய்க்கால நிதி ஒன்று இருக்கிறது. படுக்கையில் கிடக்கிறவனுக்கு அதில் உள்ள உரிமை போகாமல் எழுதி வாங்கிக்கொண்டுதான் விலகல் கடிதத்தில் கையெழுத்து வைப்பேன். இவ்வளவுதான். ஆனால் வாரங்கள் ஓடின, கடிதம் போகவில்லை. இவன் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான், உறுப்பினர்களின் முடிவைக் குழியில் போட்டு மூடப் பார்க்கிறான் என்று டொயில் ஊர் ஊராகச் சொன்னார். செயலாளரை நீக்குவது பற்றி நிர்வாகக் குழுவில் பேசவேண்டும் என்று அறிவித்தல் வந்தது.

கூட்டம் சிட்னியில், நவம்பர் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை. அந்த நாளின் அருமை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த குதிரை திருவிழாவில் சுவாமி ஏறி வரும் குதிரை வாகனம்தான். மெல்பேர்ன் கோப்பைக்கான பந்தயம் ஓடும் அந்தச் சில நிமிடங்கள் இந்த நாட்டில் பஸ் ஓட்டுகிறவர்கூட நின்று வானொலி கேட்பார் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

செயலாளர் விஷயம் கடைசியாக வரும், மத்தியானத்துக்குப் பிறகு கடிதங்கள் வாசிப்போம் என்றார் டொயில். இரண்டு இருபதுக்கு மிஸ்டர் லென் தன் அறைக்குப் போனார். நிதி விஷயமாகக் கூட்டணியில் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டு முப்பத்தைந்துக்கு டொயில் தாராள மனதோடு, பந்தயம் கேட்க விரும்புகிறவர்கள் பக்கத்து அறைக்குப் போய்க் கேளுங்கள், கடிதம்தானே என்றார். மூன்று மக்குகளும் பந்தயச் சீட்டும் கையுமாக எழும்பிப் போனார்கள். அவர்கள் மிஸ்டர் லென்னின் பக்கம். அறையில் மிஞ்சியது ஐந்து பேர். பந்தயப் பைத்தியம் என்று பெயர் எடுத்த டொயில் கதிரையை விட்டு அசையாதது எனக்கு அப்போதே உறுத்தியது.

பக்கத்து அறையில் வானொலிக்காரர் மூச்சு விடாமல் கத்தத் தொடங்கிய நேரம் பிரைஸ் எழும்பி, செயலாளரைப் பதவியில் இருந்து நீக்கவேண்டும் என்று பிரேரித்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். ஐந்து கைகள் எழும்பின. சங்க விதிப்படி ஆறு பேர் அறைக்குள் இல்லாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதைக் கோரம் என்பார்கள். எனக்கு அந்த விதி மனப்பாடம். ஆனால் குறிப்பெடுக்கிறவளுக்குக் கூட்டத்தில் வாய் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். மக்நீல் வென்ற சந்தோஷத்தில் மேசை எல்லாம் கச்சான் கொட்டினார். சற்றுப் பின்னால் மிஸ்டர் லென்னும் வந்தார், டொயில் அடுத்த கடிதம் என்றார். மாலை கூட்டம் முடியும்போதுதான், செயலாளரை நீக்கும் பிரேரணை எட்டுப்பேர் முன்னிலையில் நிறைவேறிவிட்டது, மூன்று பேர் வாக்களிக்காமல் இருந்தார்கள் என்று அறிவித்தார். மூன்று மக்குகளும் கொதித்து எழும்பினார்கள். ஐந்து பேர் ஒரு கதை, மூன்று பேர் இன்னொரு கதை. மிஸ்டர் லென் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு தன் மட்டக்கோலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்த மனிதர் இருபத்தைந்து வருடம் கட்டி வளர்த்த சங்கம் அது.

அடுத்த நாள் காலை, இப்போது செயலாளரின் வேலையைப் பார்த்த பிரைஸ் என் மேசைக்கு வந்தார். கையில் அவரே எழுதிய தாள். வாக்கெடுப்பின்போது எட்டுப்பேர் சமுகமளித்திருந்தார்கள் என்று தட்டச்சு செய்யவேண்டும். முடியாது, என் குறிப்பில் ஐந்து என்று இருக்கிறது என்றேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து மிகவும் அன்பாகப் பேசினார். அந்த அன்புதான் எனக்குச் சுட்டது.

"நீ இந்த நாட்டுக்குப் புதிது. உன் கணவருக்கு இன்னும் வேலை இல்லை என்று கேள்வி. இது உன் சண்டை இல்லை, மிசிஸ் சிவா."

"சண்டை என்னுடையது இல்லை. குறிப்பு என்னுடையது."

ஒரு கிழமைச் சம்பளத்தோடு அன்றைக்கே வேலை போனது. குறிப்புப் புத்தகத்தை உடனே ஒப்படைக்கச் சொன்னார். அது சங்கத்தின் சொத்து, வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு உரிமை இல்லை. ஆனால் சபையில் பழகிய இன்னொரு பழக்கம் கைகொடுத்தது. அங்கே ஒரு புத்தகம் கை மாறினால் இத்தனை பக்கம், இத்தனையாம் பக்கம்வரை எழுதப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் யாரும் கொடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் ஏற்கெனவே இலக்கம் போட்டிருந்தேன். ஒரு பற்றுச்சீட்டுத் தட்டச்சு செய்தேன்: எண்பது பக்கம், அறுபத்திரண்டாம் பக்கம்வரை எழுத்து, அறுபதாம் பக்க ஓரத்தில் தமிழில் ஏழு வரி. பிரைஸ் அதைப் பார்த்து, சிலோனில் பென்சிலுக்கும் பற்றுச்சீட்டு எழுதுவீர்களா என்று கேலி பண்ணிக்கொண்டே கையெழுத்து வைத்துத் திகதியும் போட்டார். புத்தகத்தை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். இந்தக் கிறுக்கலை உலகத்தில் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"நீர் அந்த ஆள் சொன்னதை அடிச்சுக் குடுத்திட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமெல்லே? எங்களுக்கேன் அவையின்ரை சண்டை?"

"நான் எழுதினது பொய்யெண்டு போகக்கூடாதப்பா. பிறகு நான் எழுதிற ஒண்டையும் நானே நம்பமாட்டன்."

அவர் பிள்ளைக்கு வாய் துடைத்துவிட்டார். "அப்ப சரி. நாளைக்கு நீர் பிள்ளையைப் பாரும்" என்றார். அடுத்த நாள் பொறியியலாளர் சிவலிங்கம் ஓபர்னில் ஒரு கார்ச் சாமான் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனார். இரண்டு மாதம் அடுக்கினார். அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல் குத்திக்காட்டியதில்லை. என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய கடன் அது.

மிஸ்டர் லென் முறையிட்டார். தொழில் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் ஒருவர் முன்னால் விஷயம் போனது. மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பிறகு அதைத் தேடுவார். அவர் கேட்ட முதல் கேள்வி, குறிப்புப் புத்தகம் எங்கே என்பதுதான். கையெழுத்து வைத்து வாங்கியதைத் தொலைந்துபோனது என்று சொல்ல பிரைஸுக்கு வழி இல்லை. புத்தகம் வந்தது. சுருக்கெழுத்தை நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஒருவர் வாசித்தார். பிரேரணை, வழிமொழிதல், ஐந்து வாக்கு எல்லாம் இருந்தன. ஆனால் அறையில் யார் இருந்தார்கள் என்பது ஓரத்தில் தமிழில் அல்லவா இருந்தது. டொயிலின் வழக்கறிஞர் எழும்பி, இந்தச் சுழிகளுக்கு இந்த அம்மா என்ன பொருள் சொன்னாலும் நாங்கள் நம்பவேண்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றார் நடுவர். எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு தமிழரைத் தேடிப் பிடிக்கச் சொன்னார்.

ஒரு கிழமை கழித்துப் பல்கலைக்கழகத்தில் இருந்து டாக்டர் ரங்கநாதன் வந்தார். சென்னைக்காரர், பௌதிகம் படிப்பிப்பவர், கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டு. நடைபாதையில் என்னைக் கண்டு கும்பிட்டார்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. எழுதியிருக்கறதை அப்படியே வாசிப்பேன். ஒரு எழுத்து கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓரத்தில் இருப்பது மனிதர்களின் பெயர்கள் அல்ல. குளிர் அறைக்குள் போனது போல உடம்பு விறைத்தது.

"ஐயா, அதிலை கொஞ்சம் பட்டப்பேர் கிடக்கு" என்றேன்.

"அதையும்தான் வாசிக்கணும்" என்றார், பாவம், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

வாசித்தார். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், விஞ்ஞானச் சூத்திரம் சொல்வது போல நிதானமாக. "இரண்டு இருபது, கழுதை வெளியே. இரண்டு முப்பத்தைந்து, தாடி, நெட்டை, கடலை வெளியே. உள்ளே பூசணி, நரி, இன்னும் மூன்று பேர்." பிறகு பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று நினைத்தேன்.

நடுவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். ஒவ்வொருவராகக் காட்டச் சொன்னார். விரலை நீட்டிக் காட்டினேன். பூசணி என்று நான் காட்டியவர் நிறத்திலும் அதே ஆகிப்போனார். வழக்கறிஞருக்குப் புது உற்சாகம் வந்துவிட்டது. என் கட்சிக்காரரைக் காய்கறி என்கிறார், அவருடைய நண்பரை நரி என்கிறார், இவ்வளவு வெறுப்பு உள்ள ஒருவரின் குறிப்பை எப்படி நம்புவது என்று மேசையில் தட்டினார்.

"கழுதை யார்?" என்று நடுவர் கேட்டார்.

நான் கைப்பையைத் திறந்து மூடினேன். இரண்டாம் முறை கேட்டார்.

"என்னுடைய மேலதிகாரி, மிஸ்டர் லென்."

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்த மனிதர் சிரித்து நான் கண்டதே இல்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தன்னை அறிந்தவர்கள் யாரும் இந்தப் பெயரில் பிழை காணமாட்டார்கள் என்றார். நடுவர் வழக்கறிஞரைப் பார்த்து, சாட்சி தன் பக்கத்து மனிதருக்குத்தான் எல்லாரையும்விட மோசமான பெயர் வைத்திருக்கிறார், இதைவிட நடுநிலைமை நான் கண்டதில்லை என்றார். அந்த நேரம் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வழக்கறிஞர் விடவில்லை. ஓரத்தில் உள்ளதைப் பிறகு எழுதிச் சேர்த்திருக்கலாம் என்றார். நான் கைப்பையில் இருந்து பற்றுச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அறுபதாம் பக்க ஓரத்தில் தமிழில் ஏழு வரி என்றும், கீழே பிரைஸின் கையெழுத்தும், கூட்டத்துக்கு அடுத்த நாள் திகதியும் இருந்தன. அன்று முதல் புத்தகம் அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்தது. டாக்டர் ரங்கநாதன் கேட்காமலே வரிகளை எண்ணி, ஏழுதான் என்றார்.

அப்படியானால் எழுதிய மணி பிழையாக இருந்திருக்கலாம் என்றார் வழக்கறிஞர். மூன்று பேரும் திரும்பி வந்த பிறகுதான் வாக்கெடுப்பு நடந்தது, இந்த அம்மா கடிகாரத்தைப் பிழையாகப் பார்த்து எழுதியிருப்பார். நடுவர் டாக்டரைப் பார்த்தார். பிரேரணைக்கும் வழிமொழிதலுக்கும் இடையில் ஓரத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. "பக்கத்து அறையில் குதிரை ஓடுகிறது, காது அடைக்கிறது" என்று நான் எரிச்சலில் எழுதிவைத்த ஒரு வரி.

நடுவர் பேனாவை மூடி வைத்தார். கடிகாரத்தை மறுக்கலாம், ஆனால் அந்தப் பந்தயம் ஓடிய நேரத்தை இந்த நாட்டில் ஒருவரும் மறுக்க முடியாது, மூன்று பேர் பந்தயம் கேட்டுக்கொண்டிருந்தபோதே பிரேரணை எடுக்கப்பட்டிருக்கிறது என்றார். கோரம் இல்லை. நீக்கம் செல்லாது. மிஸ்டர் லென் பதவியில் தொடர்வார். என்னை வேலையில் இருந்து நிறுத்தியதும் செல்லாது. வெளியே வந்து டாக்டர் ரங்கநாதனுக்கு நன்றி சொன்னேன். "பூசணி ரொம்பப் பொருத்தம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு போனார்.

ஆனால் முழு வெற்றி அன்றைக்கு வரவில்லை. டொயில் தோற்று ஓடுகிற ஆள் இல்லை. அடுத்த கூட்டத்திலேயே அதே பிரேரணையை மறுபடி கொண்டுவருவேன், இந்த முறை முறைப்படி என்று அறிவித்தார். ஒன்பது பேரில் ஐந்து பேர் அவர் பக்கம். கோரம் இருந்தால் மிஸ்டர் லென் போகவேண்டியதுதான். கணக்குப் பார்த்தால் தோல்வி நிச்சயம்.

அந்தக் கூட்டத்தன்று காலை மிஸ்டர் லென் எனக்கு ஒரு கடிதம் சொல்லித் தந்தார். நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் எழுதுகிறவளுக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை. கூட்டணியில் இருந்து விலகுகிறோம் என்ற கடிதம் அது. நோய்க்கால நிதியில் எங்கள் ஆட்களுக்கு உள்ள உரிமையைக் கூட்டணி எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது, அந்தத் தாளும் இணைப்பாக இருந்தது. யன்னல் பக்கம் நின்று, மட்டக்கோலை ஒவ்வொரு வரியாக இறக்கி வாசித்தார். பிறகு கையெழுத்து வைத்தார். வாழ்நாள் முழுவதும் எதற்காகப் பேசினாரோ அதற்கு எதிராக. உங்களுக்கு இதில் மனவருத்தம் இல்லையா என்று நான் கேட்டுவிட்டேன்.

"நிறைய இருக்கிறது. ஆனால் அவர்கள் வாக்களித்துவிட்டார்கள்" என்றார்.

கூட்டத்தில் டொயில் தலைமை. எடுத்த எடுப்பிலேயே செயலாளர் அறிக்கை. மிஸ்டர் லென் அந்தக் கடிதத்தை, குரலை இறக்கி, முழுவதும் வாசித்தார். இன்று மத்தியானத் தபாலில் போகிறது என்றார். தன் கதிரையில் இருந்துவிட்டார். டொயிலின் பக்கத்து மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பிளாக்டவுன் கிடங்கில் வேலை செய்து இப்போது நோயாகக் கிடக்கும் தன் அண்ணன் பெயரைச் சொல்லி, அவனுக்கும் இந்த நிதி தொடருமா என்று கேட்டார். தொடரும், மூன்றாம் பந்தியில் இருக்கிறது என்றார் மிஸ்டர் லென். அந்த மனிதர் தாளை வாங்கி, விரலை வைத்து, மூன்றாம் பந்தியை இரண்டு முறை வாசித்தார்.

டொயில் தலைமைக் கதிரையைத் துணைத்தலைவரிடம் கொடுத்துவிட்டு எழும்பினார். உறுப்பினர்களின் முடிவை நிறைவேற்ற மறுக்கும் செயலாளரை நீக்கவேண்டும் என்று தானே பிரேரித்தார். சொல்லும்போதே அவருடைய குரல் வற்றியது. நிறைவேற்றிய கடிதம் மேசை நடுவில் கிடந்தது. வழிமொழிபவர் யார் என்று துணைத்தலைவர் கேட்டார்.

வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் பிரேரணை வாக்கெடுப்புக்கே போகாது, அதற்கு விதிப்படி ஒரு நிமிடம் பொறுக்கவேண்டும். நான் மணியைப் பார்த்தேன். பிரைஸ் தன் நகத்தைப் பார்த்தார். அண்ணனுக்கு நோய் என்ற மனிதர் கையைக் கட்டிக்கொண்டார். டொயில் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பக்கத்து அறையில் ஒரு சத்தமும் இல்லை. நிமிடம் முடிந்தது.

முப்பது வருட வேலையில் லட்சக்கணக்கான வரிகள் எழுதியிருப்பேன். இதைப் போலச் சந்தோஷத்தோடு எழுதியது ஒன்றுமில்லை: வழிமொழிவார் யாருமில்லை, பிரேரணை விழுந்தது.